புழுவைக் கொன்றால் போதுமா?

பென் டிரைவைக் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். நீங்கள் சேமித்து வைத்த கோப்புறைகள் எல்லாம் திரையில் தெரிகின்றன. பெயர்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கோப்புறைப் படத்தின் இடது மூலையிலும் சின்னஞ்சிறு வளைந்த அம்புக்குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று வரை அது அங்கே இல்லை. 'சரி, ஏதோ ஒன்று' என்று நினைத்து ஒரு கோப்புறையை இருமுறை தட்டுகிறீர்கள். அதுவும் வழக்கம்போலத் திறந்துகொள்கிறது. உள்ளே உங்கள் அறிவியல் கண்காட்சிக் கட்டுரையும் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே நீங்கள் எதையும் சந்தேகிப்பதில்லை.

அந்த ஒரு தட்டலில் ஒரு புழு உங்கள் கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது!

சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்கு இந்த அம்புக்குறியை அறிமுகப்படுத்தத் தேவையிராது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமல்ல, அச்சுத் தொழிலுக்கும் பேர்போன ஊர் அது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி முடியும் வரை ஓயாது. இதற்கிடையில் தீபாவளிப் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்கள் வேறு. படம் வரைந்து வடிவமைக்கும் கடையிலிருந்து பிளேட் போடும் இடத்துக்கு, அங்கிருந்து அச்சகத்துக்கு, திருத்தம் என்றால் மறுபடியும் கடைக்கு. அச்சுக்குரிய படக் கோப்புகள் மிகப் பெரியவை. அவற்றை இணையத்தில் அனுப்பிக் காத்திருப்பதைவிடச் சட்டைப் பையில் பென் டிரைவைப் போட்டுக்கொண்டு இரு சக்கர வண்டியில் போய்விடுவது சுலபம். பள்ளி விட்டு வரும் மாணவரும் அதே கடையில்தான் தம் பென் டிரைவைக் கொடுத்துப் பிரிண்ட் எடுக்கிறார். ஒரு புழுவுக்கு இதைவிட நல்ல ஊர் வேறு ஏது?

புழு வந்துவிட்டால் அதை எப்படி அழிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது யாரிடமிருந்து வந்தது, இதற்குள் யார் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்பவர் சிலரே. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத வரை முதல் கேள்விக்கு எத்தனை நல்ல பதில் கிடைத்தும் பயனில்லை என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த அம்புக்குறி என்ன செய்தது? உங்கள் உண்மையான கோப்புறைகளை அந்தப் புழு அழிக்கவில்லை. அவற்றின்மேல் 'மறைந்தவை' என்ற அடையாளத்தை மட்டும் போட்டது. மறைந்த கோப்புகளை விண்டோஸ் நம் கண்ணுக்குக் காட்டாது. பிறகு ஒவ்வொரு கோப்புறையின் பெயரிலும் ஒரு குறுக்குவழியை உண்டாக்கியது. குறுக்குவழி என்பது ஓர் அறிவிப்புப் பலகை போன்றது. தட்டினால் எதைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கும். இந்தப் பலகையில் இரண்டு குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. முதலில் புழுவை ஓட்டு. அடுத்து உண்மையான கோப்புறையைத் திற. இரண்டாவது வேலையைச் சரியாகச் செய்ததால்தான் முதல் வேலை உங்கள் கவனத்துக்கு வரவில்லை. ஓடத் தொடங்கிய புழு, கணிப்பொறியின் ஒரு மூலையில் தன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்கிறது. கணிப்பொறியைப் போடும்போதெல்லாம் தானாக ஓட வேண்டிய புரோகிராம்களின் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொள்கிறது. அதன்பின் அங்கே செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவிலும் இதே நாடகம் மீண்டும் நடக்கிறது.

வைரஸ், புழு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். விஞ்ஞானிகள் பிரித்துச் சொல்கிறார்கள். வைரஸ் வேறொரு புரோகிராமின் உடலுக்குள் ஒட்டிக்கொண்டு பிழைப்பது. அந்தப் புரோகிராமை யாராவது ஓட்டினால்தான் அதற்கு உயிர். புழுவோ தனியாக நிற்கும் முழுப் புரோகிராம். தன்னைத் தானே பிரதி எடுத்து அடுத்த கணிப்பொறிக்கு ஊர்ந்து போவதே அதன் தொழில். நம் அம்புக்குறிப் புழுவுக்கு உங்கள் விரல் ஒரு முறை உதவ வேண்டியிருக்கிறது. ஆகவே இலக்கணப்படி பார்த்தால் அது பாதிப் புழுதான் என்று வாதிடலாம். வகுப்பில் வாதிட்டுப் பாருங்கள். நல்ல விவாதமாக இருக்கும்.

புழு என்று பெயரிடப்பட்ட புரோகிராம்கள் முதலில் கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டவை அல்ல என்பது வேடிக்கை. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஷோச், ஜான் ஹப் என்ற இருவர், இரவில் சும்மா கிடக்கும் கணிப்பொறிகளைத் தேடிப் பிடித்து வேலை வாங்கும் புரோகிராம்களை உருவாக்கினார்கள். அவற்றுக்குப் 'புழு' என்றே பெயரிட்டு 1982-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். ஒருநாள் இரவு ஒரு புழு கோளாறாகிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் பல கணிப்பொறிகள் செத்துக் கிடந்தன! இப்படி ஏதாவது நேரலாம் என்று நினைத்து, எல்லாப் பிரதிகளையும் ஒரே சமயத்தில் நிறுத்தும் கட்டளை ஒன்றை அவர்கள் முன்கூட்டியே வைத்திருந்ததால் தப்பித்தார்கள்.

இராபர்ட் மோரிஸ் என்ற மாணவருக்கு அந்த முன்யோசனை இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த அவர், 1988 நவம்பர் 2-ஆம் நாள் ஒரு புழுவை வலையமைப்பில் விட்டார். அக்காலத்தில் இணையத்தில் இருந்த கணிப்பொறிகள் சுமார் 60,000 மட்டுமே. அவற்றில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மோரிஸின் புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. பிறகு ஏன் கணிப்பொறிகள் முடங்கின? ஒரு கணிப்பொறிக்குள் நுழைந்ததும், 'இங்கே ஏற்கெனவே என் பிரதி இருக்கிறதா?' என்று அது விசாரிக்கும். இருக்கிறது என்று பதில் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் புழுவைத் தடுக்க விரும்புபவர்கள் 'இருக்கிறது' என்று பொய்ப் பதில் சொல்ல வைத்துவிட்டால்? அதற்காக ஏழு முறையில் ஒரு முறை, பதில் எதுவானாலும் தங்கிவிடும்படி மோரிஸ் எழுதியிருந்தார். ஏழில் ஒன்று சிறிய எண் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஒரே கணிப்பொறியில் பிரதிமேல் பிரதியாகச் சேர்ந்து, வேறு எந்த வேலைக்கும் இடமில்லாமல் போயிற்று.

பெருக்கல் விகிதத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சரவெடியை நினைத்துப் பாருங்கள். (தொடராகப் பின்னிய வெடிகளை 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது, ஆனாலும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.) அதில் ஒரு வெடி அடுத்த ஒரு வெடியைத்தான் பற்றவைக்கிறது. நூறு வெடி வெடிக்க நூறு படிகள் தேவை. ஒவ்வொரு வெடியின் திரியும் மூன்று வெடிகளோடு இணைந்திருந்தால் என்ன ஆகும்? 1, 3, 9, 27, 81, 243 என்று ஐந்தே படிகளில் நூறைத் தாண்டிவிடும். புழு இந்த இரண்டாவது வகை.

2003 ஜனவரி 25-ஆம் நாள் 'ஸ்லாமர்' என்ற புழு கிளம்பியது. அதன் மொத்த அளவு 376 பைட்டுகள்தான். இந்தப் பத்தியின் முதல் நான்கு வாக்கியங்களைத் தமிழில் கணிப்பொறியில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். தொடக்கத்தில் அது 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டித்தது. அதற்கு இரையாகக்கூடிய கணிப்பொறிகள் சுமார் 75,000. நீங்களே கணக்குப் போடுங்கள். 2-ஐ 17 முறை பெருக்கினால் 1,31,072. ஆக, 17 இரட்டிப்புகளுக்கு முன்பே இரை தீர்ந்துவிட வேண்டும். 17 × 8.5 = 144.5 விநாடி; இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு! உண்மையில் பத்து நிமிடத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்தது. கணக்கைவிட ஏன் தாமதம்? புழுவின் பிரதிகளே வலையமைப்பின் பாதையை நெரிசலாக்கி, ஒன்றை ஒன்று முன்னேறவிடாமல் செய்தன. மேலும், பிடிக்க வேண்டியவை குறையக் குறைய, ஏற்கெனவே பிடித்ததையே மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருந்தன. இதை வரைபடமாகப் போட்டால் முதலில் மெல்ல, பிறகு செங்குத்தாக, கடைசியில் மட்டமாகப் போகும் கோடு கிடைக்கும். அம்மை பரவும் வரைபடமும் இதே வடிவந்தான்.

அம்மையின் கணக்கிலேயே நமக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. புழு பிடித்த ஒரு கணிப்பொறி, அதைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்குள் சராசரியாக மூன்று கணிப்பொறிகளுக்கு அதைக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் உள்ள கணிப்பொறிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கதவு சாத்தியிருந்தால், அந்த மூன்று முயற்சிகளில் சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகவே பலிக்கும். ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் புழு தானாகவே தேய்ந்து மறையும். எல்லாக் கணிப்பொறியையும் காப்பாற்ற வேண்டியதில்லை. போதிய அளவு கணிப்பொறிகளைக் காப்பாற்றினால் மற்றவையும் பிழைத்துப்போகும். ஆனால் உங்கள் கணிப்பொறியை மட்டும் மினுமினுவென்று துடைத்து வைத்தால், ஊர்க் கணக்கில் அது ஒன்றே ஒன்று.

கதவு சாத்துவது என்றேனே, அது என்ன கதவு? கணிப்பொறியை இயக்கும் அடிப்படைப் புரோகிராமில் எழுதியவர்களே அறியாத ஓட்டைகள் இருக்கும். புழு அவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. ஓட்டை தெரியவந்ததும் அதை அடைக்கும் திருத்தத்தை நிறுவனம் வெளியிடும். 'புதுப்பிக்கவா?' என்று கணிப்பொறி கேட்கும்போது நாம் 'பிறகு' என்று தட்டுகிறோமே, அதுதான் இது. இனி இந்த நாட்களைப் பாருங்கள். 'கான்ஃபிக்கர்' என்ற புழு பல இலட்சக்கணக்கான கணிப்பொறிகளைப் பிடித்தது. அது தலைகாட்டியது 2008 நவம்பரில். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியானது அதற்கு முந்திய அக்டோபர் 23-ஆம் நாள். 'வான்னாகிரை' புழு கிளம்பியது 2017 மே 12; திருத்தம் வெளியானது மார்ச் 14. இரண்டு மாதம் 'பிறகு' என்று தட்டியவர்களை எல்லாம் அது பிடித்துக்கொண்டது. கோப்புகளைப் பூட்டு போட்டுவிட்டு 300 டாலர் கப்பம் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் ஊரிலும், சென்னையை அடுத்த ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை பாதிக்கப்பட்டதாகச் செய்தித்தாள்களில் வந்தது.

'எங்கள் கணிப்பொறிக்கு இணையமே கிடையாது. ஆகவே புழுவும் வராது' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2010-ஆம் ஆண்டு ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' புழுவைக் காட்டுவேன். அதன் குறி ஈரான் நாட்டின் நத்தான்சில் இருந்த யுரேனியம் செறிவூட்டும் ஆலை. அந்த ஆலையின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்திய கணிப்பொறிகளுக்கு இணையத் தொடர்பு இல்லை. புழு பென் டிரைவில் ஏறிப் போயிற்று! அதுவும் குறுக்குவழிக் கோப்பைப் பயன்படுத்தியதுதான்; ஆனால் நம் அம்புக்குறிப் புழுவைப் போல அதற்கு உங்கள் விரல்கூட வேண்டாம். பென் டிரைவைத் திறந்து அந்தப் படம் திரையில் தெரிந்தாலே போதும், ஓட்டை வழியாக ஓடத் தொடங்கிவிடும். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதிக்குள் உலகெங்கும் சுமார் ஒரு இலட்சம் கணிப்பொறிகளில் அது இருந்தது. ஈரான், இந்தோனேசியா, அவற்றுக்கு அடுத்தபடி இந்தியா. நம்மைக் குறிவைக்காத புழு நம்மிடம் எப்படி வந்தது? புழுவுக்கு முகவரி தெரியாது. யார் பையில் ஏற்றினாலும் போகும்.

இங்கே பட்டாசு ஆலைகளிடமிருந்து கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓர் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் பெரிய கட்டடம் எதுவும் இராது. மருந்துக் கலவைக்கு ஓர் அறை, மருந்து செலுத்த வேறோர் அறை, இருப்பு வைக்க இன்னோர் அறை என்று சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு பொறிகூட விழாது என்று நம்பி எழுதிய விதி அல்ல இது. பொறி விழுந்தாலும் அது ஓர் அறையோடு நின்றுவிட வேண்டும் என்று எழுதிய விதி. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்து போன்றவற்றுக்குப் பிறகு, விதி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை; கடைப்பிடித்தார்களா என்றே கேட்கிறார்கள். மனித உயிரையும் கணிப்பொறிக் கோப்பையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. இடைவெளி என்ற அந்த ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் பென் டிரைவை நேரே வேலை செய்யும் கணிப்பொறியில் செருகுவது, மருந்துக் கலவை அறைக்குள் தெருவை விடுவது போன்றது. ஒரு பழைய கணிப்பொறியைத் தனியே வைத்து, அதை வலையமைப்போடு இணைக்காமல், வரும் டிரைவை எல்லாம் முதலில் அதில் சோதிக்கலாமே! சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' போன்ற லினக்ஸ் முறை அதில் இருந்தால் இன்னும் நல்லது. விண்டோஸுக்கு எழுதிய அம்புக்குறிப் புழு அங்கே ஓடாமல், மறைக்க முடியாமல், வெறும் கோப்பாகக் கண்ணுக்குத் தெரியும்.

லினக்ஸுக்குப் புழுவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-இல் 'மிராய்' என்ற புழு பிடித்தது பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் கண்காணிப்புக் கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளையும்தான். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அறுபது சொச்சம் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே அது உள்ளே நுழைந்தது. இந்த மிராயை ஒழிப்பதைப்போல் எளிய வேலை வேறில்லை. அது நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. கேமராவை அணைத்துப் போட்டால் செத்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல் போட்டால் சில நிமிடங்களிலேயே மீண்டும் வந்துவிடும். கொல்வது வேறு, நீக்குவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அம்புக்குறிப் புழுவுக்கு வருவோம். அதை எப்படி நீக்குவது? முதலில் கணிப்பொறியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். கம்பியானால் உருவுங்கள், வைஃபை ஆனால் அணையுங்கள். கடந்த சில நாட்களில் அதில் செருகிய எல்லாப் பென் டிரைவுகளையும், கைப்பேசி அட்டைகளையும் ஓரிடத்தில் சேருங்கள். இந்த வேலை அலுப்பானது. ஆனால் ஒன்று விட்டுப்போனாலும் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அடுத்து, புழு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தேடக் கூடாது. திருடனையே கணக்கெழுத வைப்பது போலாகும் அது. கான்ஃபிக்கர் புழு, பாதுகாப்பு நிறுவனங்களின் இணையப் பக்கங்களுக்கே போகவிடாமல் கணிப்பொறியைத் தடுத்தது. மருந்துக் கடைக்குப் போகும் வழியை நோயே அடைத்துக்கொண்டது! ஆகவே விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே சோதிக்கும் முறை வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டருடன் கூடிய 'ஆஃப்லைன்' சோதனை இலவசமாகவே இருக்கிறது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'வும் புழு நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அவற்றை நோயில்லாத வேறொரு கணிப்பொறியில் இறக்கிக்கொள்ள வேண்டும். இலவசம் இவ்வளவு இருக்க, பூட்டை உடைத்த களவுப் பாதுகாப்பு மென்பொருளைத் தேடி ஓடாதீர்கள். புழுவை ஒழிக்கப் புழுவையே வாங்கி வந்த கதையாகிவிடும்.

சோதனை முடிந்தபின், கணிப்பொறியோடு தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெயரே புரியாத ஒன்று ஏதோ ஒரு மூலையிலிருந்து ஓடுவதாக இருந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு பென் டிரைவ். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸுக்குச் சொன்னால் உங்கள் உண்மையான கோப்புறைகள் மங்கலாகத் தோன்றும். 'மறைவு' என்ற அடையாளத்தை நீக்கப் போனால் அந்தக் கட்டம் கைக்கு அடங்காது. ஏனென்றால், 'இது கணிப்பொறியின் சொந்தக் கோப்பு' என்ற இரண்டாவது முத்திரையையும் புழு குத்தியிருக்கும். 'ஆட்ரிப்' என்ற பழைய கட்டளை இரண்டையும் சேர்த்து நீக்கும். உங்கள் கணிப்பொறி ஆசிரியருக்கு அது தெரிந்திருக்கும்; ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறிப் போலிகளையும், நீங்கள் வைக்காத அந்நியக் கோப்பையும் அழித்துவிடுங்கள். கடைசியில் கதவு: நிலுவையில் உள்ள திருத்தங்களை எல்லாம் போட்டு முடியுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய இயந்திரத்தோடு வந்தது என்பதற்காக இன்னும் பழைய விண்டோஸை வைத்திருக்கும் இடங்களில், அந்தக் கணிப்பொறியைத் தனியே பிரித்து வைப்பது ஒன்றே வழி.

'இவ்வளவு எதற்கு? ஃபார்மேட் அடித்தால் தீர்ந்தது' என்பார்கள் கடைக்காரர்கள். புழு போகும், உண்மை. கூடவே உங்கள் கோப்புகளும் போகும். அதே ஓட்டையோடு கணிப்பொறி திரும்பி வரும். மறுநாள் காலை அதே பென் டிரைவ் செருகப்படும். நான் ஃபார்மேட்டுக்கு எதிரி அல்லன்; சில சமயம் அது தேவைதான். ஆனால் அது சிகிச்சையின் நடுப்பகுதி. அதையே முழுச் சிகிச்சையாக விற்கிறார்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புழு பிடித்ததை நாம் வெளியே சொல்வதில்லை. கடைக்காரர் சொன்னால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சுகிறார். மாணவர் சொன்னால், 'நீதான் ஆய்வகத்தைக் கெடுத்தாய்' என்று திட்டு விழும் என்று அஞ்சுகிறார். பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வந்தது புழு அல்ல, உளவு பார்க்கும் வேறு வகைப் புரோகிராம்; ஆனால் பாடம் ஒன்றே. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தின் சார்பில் வெளியான அறிக்கை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்ற தொனியில் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கணிப்பொறியில் அது இருந்தது உண்மைதான் என்று அறிவித்தது. நாட்டின் கணிப்பொறி அவசர உதவிக் குழுவான 'செர்ட்-இன்' செப்டம்பர் 4-ஆம் நாளே அதைத் தெரிவித்திருந்தது! பாதிக்கப்பட்டது அலுவலக வேலைக்கான கணிப்பொறி; உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்கு ஆபத்தில்லை என்றார்கள். இடைவெளி காப்பாற்றியது; நல்ல செய்தி. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் மக்கள் நம்பியிருப்பார்கள் அல்லவா?

மோரிஸின் கதையிலும் இது உண்டு. தன் புழு கைமீறிப் போனது தெரிந்ததும், அதை நிறுத்தும் வழியை நண்பர் ஒருவர் மூலம் பெயரில்லாமல் வலையமைப்பில் வெளியிடச் செய்தார். அதற்குள் புழுவே பாதையை அடைத்துவிட்டதால் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. சில மணி நேரத் தாமதம், அவ்வளவுதான்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பென் டிரைவ் கொண்டுவந்த மாணவரை அது கட்டுப்படுத்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, கெட்ட எண்ணத்தோடு புழுவைப் புகுத்துபவருக்குத்தான் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தெரியாமல் சுமந்து வந்தவர் குற்றவாளி அல்லர். ஆனால் பல பள்ளி ஆய்வகங்களில் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. புழு வந்ததாகச் சொல்பவருக்கே தண்டனை, சொல்லாதவருக்கு ஒன்றுமில்லை. பிறகு யார் சொல்வார்கள்? ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஆய்வக வாசலில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுங்கள். எந்த டிரைவ், எந்தக் கணிப்பொறி, எந்த நாள் என்று மட்டும் அதில் எழுதட்டும். குற்றவாளியைப் பிடிக்க அல்ல. புழு வந்தால் எங்கெங்கே போயிருக்கும் என்று பின்னோக்கித் தேட. அம்மை ஒழிப்பு ஊழியர்கள் அப்படித்தான் தேடினார்கள். ஒரு வீட்டில் நோயைக் கண்டால் அவரைச் சந்தித்தவர்களை எல்லாம் தேடிப் பிடித்து அம்மை குத்தினார்கள். இந்தியாவில் 1975-உடன் பெரியம்மை நின்றது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வெறுமையான பென் டிரைவ் ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு கோப்புறையை உண்டாக்குங்கள். சுத்தம் செய்த கணிப்பொறியில் செருகி, ஒருநாள் வேலை பார்த்துவிட்டு உருவுங்கள். தனியே வைத்த லினக்ஸ் கணிப்பொறியில் திறந்து பாருங்கள். நீங்கள் வைத்த கோப்புறை மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் சரி. கடைசியாக எந்தக் கடையில் பிரிண்ட் எடுத்தீர்களோ அந்த அண்ணனிடம் போய், 'அண்ணே, என் டிரைவுல புழு இருந்துச்சு. உங்க மெஷினையும் ஒரு தடவை பாத்துடுங்க' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் முகம் சுளிக்கலாம். அன்று காலையிலிருந்து எத்தனை டிரைவ்கள் அந்தக் கணிப்பொறியில் செருகப்பட்டன என்று அவருக்குத்தான் தெரியும்.